ஒரே நம்பர்ல ரெண்டு குழந்தை

ஹலோ... ஹலோ... கேக்கறதா?... ஹலோ, அரக்கோணமா? மளிகைக் கடைதானே?... ஆமா, ஆமா, பூனாலேர்ந்து பேசறேன். தேஹு ரோடு... இல்லைங்க, தேஹு ரோடு. பூனாவுக்குப் பக்கத்துல... ஆமா, பம்பாய் போற வழிதான்... என் பேர் பாலாம்பாள். உங்க கடைக்கு எதிர்த்தாப்பல கல்யாண வீடு இருக்கோல்லியோ... அதே வீடுதான். மாப்பிள்ளையோட அக்கா, பவுன்னு... ஆமா ஆமா, பூனா பவுன். கலியன் சம்சாரம். அவளைக் கொஞ்சம் கூப்பிடணும்... அவதான் இந்த நம்பரைக் குடுத்துட்டுப் போனா, அவசரம்னா பண்ணுங்கன்னு...

ஐயையோ, சாவு கீவு ஒண்ணும் இல்லைங்க! கல்யாண வீட்டுல போய் அப்படி ஏதாவது சொல்லி வெக்காதீங்கோ. நல்ல சேதிதான்... ஆமா, நல்ல சேதின்னே சொல்லுங்கோ...

இல்லை, வெக்க வேண்டாம். நான் லைன்லயே இருக்கேன்... எஸ்.டி.டி.தான், தெரியும். ஏறினா ஏறட்டும்... இல்லைங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பண்றேன்னு இப்போ வெச்சேன்னா, மறுபடி எடுக்க எனக்குத் தைரியம் வராது... அது உங்களுக்குப் புரியாது. நீங்க போய்க் கூப்பிடுங்கோ, புண்ணியமாப் போகும்.

ஏன்னா, கூப்பிடப் போயிருக்கார்... என்னது?... ஆமா, நல்ல சேதின்னுதான் சொன்னேன். வேற என்ன சொல்றதாம்? 'உன் பொண்ணுக்கு வந்த சீட்டை எம் பிள்ளைக்குன்னு சொல்லிண்டு மாமி ஊர் பூரா பேடா குடுத்துட்டா'ன்னு மளிகைக் கடைக்காரன்கிட்டச் சொல்லி அனுப்பவா?... 

கொஞ்சம் சும்மா இருங்கோ. நம்பரைச் சுத்தி என் கையில குடுத்ததோட உங்க வேலை முடிஞ்சுது... முடிஞ்சுது! நீங்க முன்னாலேயே சொன்னேள், ஒத்துக்கறேன். நூறு தடவை சொன்னேள். இப்போ நான்தானே பேசறேன்? அப்படியே உக்காருங்கோ. தேஜஸ் எங்க?... கிரவுண்ட்லயா? வாசக் கதவை ஒருக்களிச்சு வையுங்கோ. அவன் மாடிப்படி ஏறினா எனக்கு ஜாடை காட்டுங்கோ. அவன் காதுல விழப்படாது... 

என்ன மைக் செட்டோ, காது கிழியறது. ஹலோ... ஹலோ...

பவுன்? பவுன்! நான்தான்... மாமிதான்... ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலை. எதுக்கு இப்படி ஓடி வந்தே, மூச்சு வாங்கறது பாரு... மாமா நன்னா இருக்கார், இதோ எதிர்லதான் உக்காந்துண்டு என்னை முறைச்சுண்டிருக்கார்... தேஜஸும் நன்னா இருக்கான்... தண்ணியா? வரது, வரது. காலம்பற மட்டும்... 

கல்யாண வேலையெல்லாம் எப்படிப் போறது?... ஓ, சாயங்காலம்தான் பொண்ணழைப்பா?... சமையக்காரன் வந்துட்டானா... அப்படியா... அந்த அரக்குப் புடவையா கட்டிக்கப் போறே? ஆகுர்டியில வாங்கினியே... உனக்கு எடுப்பா இருக்கும்... ஆமா... ஆமா, ஆமா, மூணாவது முடிச்சு நாத்தனார்தானே போடணும், நீ இல்லாம எப்படி...

இல்லை பவுன். இதைக் கேக்கறதுக்காகப் பண்ணலை... ஆமா, எஸ்.டி.டி.யிலதான் பேசறேன்... மாமா தலையில அடிச்சுக்கறார். சொல்றேன். சொல்லத்தானே பண்ணினேன். ஜான்சி எங்க?... கோலம் போட்டுண்டிருக்காளா? போடட்டும், போடட்டும். மொதல்ல நீ கேளு. நின்னுண்டா இருக்கே? அங்க உக்கார ஏதாவது... மூட்டை இருக்கா? அது மேல உக்காரு.

பவுன், அந்த சயின்ஸ் ஸ்கூல் சீட்டு... ஆமா, தேஜஸுக்கு... அதான்... அது தேஜஸுக்கு வரலை. ஜான்சிக்கு வந்தது.

... ... 

ஹலோ? இருக்கியா?... ஜான்சிக்கு. உம் பொண்ணுக்கு... விளையாடலைடீம்மா, இதுல யாராவது விளையாடுவாளா? வெயிட்டிங் லிஸ்ட்ல ஒரே ஒரு இடம்தான் காலியாச்சு. அது ஜான்சிக்கு... ஆமா. தேஜஸுக்கு இல்லை... ஆமா... ஆமா, பவுன்...

எப்படின்னா, எப்படின்னு சொல்றது... ரெண்டு பேரும் பரீட்சை எழுதினா, ரெண்டு பேரையும் இன்டர்வியூக்குக் கூப்பிட்டா, ரெண்டு பேரும் வெயிட்டிங் லிஸ்ட். அதுவரைக்கும் உனக்குத் தெரியும். நம்பர் என்ன குடுத்தோம்? தேஜஸுக்கும் எங்க ஃபோன், ஜான்சிக்கும் எங்க ஃபோன். அவளுக்குப் பக்கத்துல பி.பி., அக்கம்பக்கத்து ஃபோன்னு போட்டோம், அவ்வளவுதானே வித்தியாசம்... அதான். செவ்வாய்க்கிழமை அந்த கிளார்க் பண்ணினான். எடுத்தவுடனே 'அபிநந்தன்'னு வாழ்த்துச் சொன்னான். 'உங்க வெயிட்டிங் லிஸ்ட் கிளியர் ஆயிடுத்து, திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வந்து சேர்ந்துடுங்கோ'ன்னான். எனக்கு அதுக்கு மேல எதுவும் காதுல ஏறலை. அவன் பேரைச் சொல்லத்தான் வாயெடுத்தான். நான் விட்டாத்தானே? தேங்க் யூ, தேங்க் யூன்னு கத்திட்டு வெச்சுட்டேன். எங்க நம்பர், எங்க ஃபோன், எம் பிள்ளை. அப்படித்தான் தோணித்து எனக்கு. பரீட்சை எழுதினவா ரெண்டு பேர்ங்கறதே...

ஆமா, அந்த பேடா... 

ஆமா பவுன். அது ஜான்சியோட பேடாதான்... சாமி படத்துக்கு முன்னாடி வெச்சியா?... வேண்டிண்டியா, தேஜஸ் நன்னாப் படிக்கணும்னு?... ஐயோ, அதையெல்லாம் இப்போ ஏன் சொல்றே... கொல்லறியே என்னை...

ஹலோ... ஹலோ... அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன்... என்ன கேட்டே?... எப்போ தெரிஞ்சுதா?

இன்னிக்குத்தான். இன்னிக்குக் காலம்பறதான். நாங்க ரெண்டு பேரும் ஸ்கூலுக்குப் போனோம், என்னென்ன பேப்பர் எடுத்துண்டு வரணும்னு கேக்க. பாணேர் தாண்டிப் போகணுமே, ரெண்டு ரிக்‌ஷா மாறி... அங்க கிளார்க் பாத்துட்டுச் சொன்னான், தேஜஸ் இல்லை, ஜான்சி கலியன்னுதான் இருக்குன்னு. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. உடனே வந்து உனக்கு...

என்ன?... ஆமா, இன்னிக்கு சனிக்கிழமைதான்... ரெண்டாம் சனியா? இருக்கும்... ஆமா, மாமாவுக்கு டிப்போ லீவுதான், ஆத்துலதான் இருக்கார்... இல்லை, அந்த ஸ்கூல் ஆபீஸ் திறந்துதான்... அவாளுக்கெல்லாம் ரெண்டாம் சனி...

பொய். பொய்தான், பவுன். இன்னிக்குப் போகலை. வியாழக்கிழமை போனோம். நீங்க ரயில் ஏறின மறுநாள்.

... 

கேக்கறேன். சொல்லு... ஆமா... ஆமா, தெரியும். ஆமா, வியாழக்கிழமையே பண்ணியிருக்கலாம்... ஆமா. பண்ணலை.

சாக்கு சொல்லலை. நடந்ததைச் சொல்றேன், அப்புறம் திட்டு. ரிக்‌ஷாவுல வரச்சேயே மாமா சொன்னார், போன உடனே பவுனுக்கு ஃபோன் பண்ணுன்னு. நானும் சரின்னுதான் வந்தேன். பிள்ளையார் சத்தியமா அப்படித்தான் வந்தேன். மாடிப்படி ஏறினா கீழ்வீட்டு நீலா வாசல்லயே பிடிச்சுண்டுட்டா. தேஜஸுக்கு விருந்தாம். பூரி பண்ணி, ஸ்ரீகண்ட் வாங்கி வெச்சு, பிளாக்குல இருக்கற அத்தனை பசங்களையும் கூப்பிட்டு வெச்சிருக்கா. நடுவுல இவன் உக்காந்துண்டு சிரிச்சுண்டிருக்கான். நீ பாத்திருக்கியே, அவன் எப்பவும் அப்படிச் சிரிக்கற பிள்ளை இல்லை. நான் என்ன பண்ணுவேன் சொல்லு? அங்க போய் நின்னுண்டு, எழுந்திருடா, இது உனக்கு இல்லைன்னு... வாய் வரலைடீ எனக்கு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னேன். நாளைக்குன்னா வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வந்ததும் இன்னும் ஒருநாள்னேன்...

ஆமா. ஆமா, உம் பொண்ணும் சிரிக்கணும்தான். தெரியறது. நீ சொல்றது எல்லாம் சரி.

நேத்தா? நேத்து என்ன பண்ணேள்?... என்ன ஸ்கூல்?... அங்கயா, அரக்கோணத்துலயா?... காமர்ஸ்லயா? ஜான்சியையா?... ஏன் பவுன், அவ கணக்குன்னா உசிரை விடுவாளே... சயின்ஸ் குரூப் முடிஞ்சு போச்சுன்னுட்டாளா... தம்பி வீட்டுலயே தங்கிப் படிக்கட்டும்னு... ஓஹோ... இங்க அவளுக்குக் கெடைக்கலைங்கறதுனாலயா?... தேஜஸ் பெட்டி தூக்கிண்டு போறதைப் பாத்தா அவளுக்குக் கஷ்டமா இருக்கும்னா?

ஐயோ, பவுன்.

டி.சி.? டி.சி.யையும் குடுத்துட்டேளா? ஒரிஜினலையா?... நேத்து... நேத்து சாயங்காலமா... இன்னிக்கு ஸ்கூல் லீவு... 

ஏன்னா, கேட்டேளா, டி.சி.யை அங்க குடுத்துட்டாளாம். காமர்ஸ்ல சேத்துட்டாளாம் நேத்திக்கு... நேத்து காலம்பற ஒரு வார்த்தை நான்... எனக்குத் தெரியறது, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்!

இல்லை, மாமாகிட்டப் பேசினேன்... பவுன், அழாதே. கல்யாண வீட்டுல அழப்படாது... சரி, அழு. எனக்கு என்ன வாய் இருக்கு சொல்றதுக்கு. திட்டு. நன்னாத் திட்டு... ம்... ம்... ஆமா... ம்... நான் பொம்மனாட்டியே இல்லைன்னு சொல்லு, கேட்டுக்கறேன்... நீ எங்காத்து வாசல்ல நின்னுண்டு ஃபோன் வந்துதா மாமி, ஃபோன் வந்துதா மாமின்னு எத்தனை நாள் கேட்டே... நெனைவு இருக்கு... நெனைவு இருக்கு, பவுன்.

இப்போ இதைக் கேளு. இன்னும் கெட்டுப் போகலை. திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டயம் இருக்கு. மாமா ரயில் எல்லாம் பாத்து வெச்சிருக்கார். ராத்திரி மெயிலு அரக்கோணத்துல நிக்கும். அதுல ஏறினா நாளைக்கு ராத்திரிக்குள்ள பூனா. திங்கக்கிழமை காலம்பற ஸ்கூல். ரிசர்வேஷன் கெடைக்காது, ஜெனரல்லதான் வரணும்... நீ வர வேண்டாம், நீ எப்படி வருவே, உன் கூடப் பொறந்தவன் கல்யாணம். அவர் வரட்டும், கலியன். ஜான்சியைக் கூட்டிண்டு அவர் வந்தா... முகூர்த்தத்துல அவர் இல்லாம எப்படின்னா... அதுதான். அதுதான் நான் கேக்கறேன். கேக்க எனக்கு மூஞ்சி இல்லை, ஆனா கேக்கறேன்.

அந்த காமர்ஸ் ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் வீடு தெரியுமா?... உன் தம்பி அவாளுக்குக் கல்யாணப் பத்திரிகை வெச்சிருக்கானா? அப்போ வீட்டுக்கே போகச் சொல்லு. கால்ல விழுந்தாவது ஆபீஸைத் திறக்கச் சொல்லி டி.சி.யை வாங்கிண்டு... 

யாரு?... கலியன் அங்கதான் இருக்காரா? என்ன சொல்றார்?... நம்பலையா?... ம்... சரி, அவர் சொல்றதும் நியாயம்தான். செவ்வாய்க்கிழமை ஒண்ணு சொன்னேன், இன்னிக்கு வேற சொல்றேன். நாளைக்கு இன்னொண்ணு சொல்ல மாட்டேன்னு என்ன நிச்சயம்... ஆமா... ஜான்சி வந்துட்டாளா? குடு. குடு அவகிட்ட.

ஜான்சி... ஜான்சிம்மா... ஆன்ட்டிதான்டா. அம்மா சொன்னாளா?... ஆமா, நெஜம்தான். உனக்குத்தான் சீட்டு. நீதான் பாஸ்... ஹலோ?

...

என்ன கேட்டே?

செவ்வாய்க்கிழமை... ஆமா, நீ வந்தே. சமையலுள்ள வந்து நின்னுண்டு பேடா தின்னே... ஆமா, கேட்டே. 'என் பேரையும் விசாரிச்சீங்களா ஆன்ட்டி'ன்னு கேட்டே.

ஆமா... சொன்னேன்.

'கேட்டேன், இருந்தது ஒரு இடம்தான், அதுவும் முடிஞ்சுடுத்துன்னுட்டான்'னு சொன்னேன்.

கேக்கலைடா. கேக்கவே இல்லை. அந்த கிளார்க்கை நான் பேசவே விடலையே, எங்க கேக்கறது? நீ கேட்டப்போ எனக்கு வெக்கமாப் போயிடுத்து. ஒரு வார்த்தை உனக்காகவும் கேட்டிருக்கணுமேன்னு. அதை மறைக்கறதுக்கு அப்படிச் சொல்லிட்டேன்... இரு. முழுசும் சொல்றேன். நீ கேட்ட அந்த நிமிஷம் எனக்கு ஒரு சந்தேகம் வந்துது. இவளும் இதே நம்பர்தானே குடுத்திருக்கா, அவன் பேரே சொல்லலையேன்னு. வந்துது. திருப்பி ஃபோன் பண்ணிக் கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நான் உன் கையில இன்னொரு பேடாவை வெச்சு, அம்மாவுக்குக் கொண்டு போய்க் குடுன்னு அனுப்பிட்டேன்.

... 



என்ன?

... 

நீ திங்கக்கிழமை வரலைன்னா... 

அதை எதுக்குக் கேக்கறே?... இல்லை, கேக்கலாம். கேக்கலாம்டா. நீ கேக்காம யார் கேக்கறது... அடுத்தாப்பல லிஸ்ட்ல யாரு இருக்காளோ அவாளுக்குப் போகும்... யாருன்னா... 

தேஜஸ். 

ஆமா. உனக்கு அடுத்தது தேஜஸ்தான். கிளார்க் வியாழக்கிழமையே சொன்னான். 'அந்தப் பொண்ணு வரலைன்னா உங்க பையன்தான்'னு சொல்லிட்டு, என்னைப் பாத்துச் சிரிச்சான்.

ஆமா, அதுக்காகத்தான். நீலா விருந்து வெச்சாங்கறது எல்லாம் அப்புறம். ரெண்டு நாள் வாயை மூடிண்டிருந்தா தானா வந்துடும்னு இருந்தேன். பூஜை அறையில நின்னுண்டே அதை நெனைச்சேன். உங்கம்மாகிட்டச் சொல்லாததை உங்கிட்டச் சொல்லிட்டேன், போறுமா?... ஏன் இன்னிக்குப் பண்ணினேன்னா கேக்கறே? தெரியலைடா. காலம்பற இவன் எழுந்து வந்து, 'ஜான்சி ஊர்லேர்ந்து வரதுக்குள்ள நான் ஹாஸ்டல் போயிடுவேனே, அவளுக்கு எப்படிப் பாடம் எல்லாம் அனுப்பறது, போஸ்ட்ல அனுப்பலாமா'ன்னு கேட்டான். காப்பியை அப்படியே வெச்சுட்டேன்.

ஹலோ... ஜான்சி... நீ கிளம்பறியோல்லியோ? அப்பாகிட்டச் சொல்லு... என்ன நம்பலையா? இன்னும் என்னடா... 

தேஜஸா? அவன் எதுக்கு... அவனுக்கு இன்னும் தெரியாதுடா. நான் ராத்திரி மெதுவா சொல்லிக்கறேன். நீ மொதல்ல கிளம்பு... ஜான்சி, பிடிவாதம் பிடிக்காதே... அவன் சொன்னாத்தான் நம்புவியா?... அவன் உங்கிட்டப் பொய் சொன்னதில்லையா... ம். அது சரி. அவன் சொன்னதில்லை.

அவன் வாயால சொல்லாட்டா அப்பா கல்யாணத்தை விட்டுட்டு வர மாட்டார், நீயும் வர மாட்டே. அப்படித்தானே?... சரி. சரி. இரு, வெச்சுடாதே.

ஏன்னா, அவனைக் கூப்பிடுங்கோ... தேஜஸைத்தான், வேற யாரை? ஜன்னல்லேர்ந்து கத்துங்கோ... பரவாயில்லை, யார் காதுல விழுந்தா என்ன இனிமே. கூப்பிடுங்கோ!

ஜான்சி, வரான். அவன் அப்பா கூப்பிடறார்... இருக்கேன்... அந்த டி.சி.க்கு யாராவது போயிருக்காளா?... உங்க மாமாவா? கல்யாணப் பையனேவா போறான்? நல்ல பையன்... நன்னா இருக்கட்டும்...

வா. வாடா, இங்க வா. செருப்பைக் கழட்டிட்டு... இல்லை, இருக்கட்டும், அப்படியே வா. இப்படி உக்காரு... உக்கார மாட்டியா, சரி. யார் ஃபோன்னா... ஜான்சி. லைன்ல இருக்கா. உங்கிட்டப் பேசணுமாம். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்றேன், கேளு.

அன்னிக்கு ஸ்கூல்லேர்ந்து வந்த ஃபோன் உனக்கு வந்ததில்லை. ஜான்சிக்கு வந்தது. நான் பேர் கேக்காம வெச்சுட்டேன்... ஆமா, அந்த ஸ்கூல்தான்... எனக்கு வியாழக்கிழமையே தெரியும். தெரிஞ்சும் சொல்லலை. அப்பா சொல்லிடுன்னுதான் சொன்னார். நான்தான் விடலை... ஆமா, அதுக்குத்தான் நேத்து டிரங்குப் பெட்டி வாங்க வேண்டாம்னேன்... நீலா ஆத்துலயா? ஆமா, அங்க நீ சாப்பிடறச்சேயும் எனக்குத் தெரியும்.

என்னை அப்படிப் பாக்காதேடா.

இன்னும் இருக்கு. அவ திங்கக்கிழமை வரலைன்னா அந்த இடம் உனக்கு வரும். அதையும் உங்கிட்டச் சொல்லிடறேன். நான் சொன்னா அவ நம்ப மாட்டேங்கறா. நீ சொன்னாத்தான் வருவா. நீ என்ன சொல்லணும்னு நான் சொல்லப் போறதில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை. இந்தா. பேசு.

ஏன்னா, ரிசீவரைப் பிடிச்சுண்டானா... கிட்ட வாங்கோ... என்ன பேசறான், மராத்தியிலன்னா பேசறான். ரெண்டும் சேர்ந்தா மராத்திதான்... சத்தமே வரலையே... என்ன சொன்னான்?... 'கர ஆஹே'ங்கறானா? நெஜம்னுதானே? எனக்கும் அப்படித்தான் கேட்டுது... மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிண்டுட்டானே... அழறானா?... தொடாதீங்கோ, விடுங்கோ அவனை... 'யே, யே'ங்கறான். வரச் சொல்றான் அவளை. எத்தனை தடவை சொல்றான் பாருங்கோ... 

குடுடா. முடிஞ்சுதா?... தேஜஸ், எங்க போறே?... ஏன்னா, அவன் பின்னாடி போங்கோ. ஒண்ணும் பேசாதீங்கோ, கூட மட்டும் இருங்கோ...

ஹலோ... ஜான்சி? ஓ, பவுனா... கிளம்பறாளா ரெண்டு பேரும்?... அப்பாடா. ராத்திரி மெயில்லதானே?... சரி... சரி... அவர் முகூர்த்தத்துக்கு இல்லைன்னா உங்க மனுஷா ஏதாவது சொல்லுவாளா?... சொல்லத்தான் சொல்லுவா... நான்தான் காரணம்னு சொல்லிடு பவுன். என் பேரையே சொல்லு, மறைக்காதே.

நாளைக்கு ராத்திரி பூனா ஸ்டேஷனுக்கு நானும் மாமாவும் வரோம். ஜெனரல்ல வந்து இறங்கி லோக்கல் பிடிச்சு... வேண்டாமா?... சரி, அவாளே வந்துக்கட்டும். ராத்திரிக்குச் சாப்பாடு நான் பண்ணி... அதுவும் வேண்டாமா... சரி.

உங்க வீட்டுச் சாவி எங்கிட்டதானே இருக்கு, நான் போய்த் திறந்து கூட்டி, லைட்டைப் போட்டு வெச்சுடறேனே... ம்... ம்... தேஜஸ்கிட்டயா? அவன்கிட்டக் குடுத்துடணுமா?... சரி. நான் உள்ள போகலை. சொல்லிட்டியோல்லியோ, போகலை.

திங்கக்கிழமை ஸ்கூலுக்கு? அந்த கிளார்க்குக்கு என்னைத் தெரியும், நான் கூட வந்து... அதுவும்... சரி பவுன். வரலை.

என்ன நம்பர்?... ஜான்சி ஹாஸ்டல்லேர்ந்து பண்றதுக்கா? நம்மாத்து நம்பரைத்தானே குடுத்திருக்கு... ஓ... மாத்திடப் போறாளா?... எது, கேட் பக்கத்துல இருக்கே, அந்தப் பான் கடையா? அங்க எப்பவும் ஆம்பளைக் கூட்டமா நிக்குமே பவுன், நடுரோட்டுல நின்னுண்டு நீ உம் பொண்ணோட...

சரி. சரிம்மா. அதையே குடுக்கச் சொல்லு... ஆமா, அந்தக் கடைக்காரன் வந்து கூப்பிடுவான். கூப்பிடுவான்... ஆமா, அவன் மறக்க மாட்டான்.

பவுன்... பவுன், ஒண்ணே ஒண்ணு... ஹலோ... ஹலோ...

வெச்சுட்டா.